துருசு திறக்கும் கூட்டத்தில் தண்ணீரின் தரத்தை யார் பேசுவது?

செங்கலடி வாசகர் ஒருவர் தொடங்கி வைத்தது:

"மட்டக்களப்பு வாவியும் அதில் விழும் ஆறுகளும் கெட்டுப்போனதற்குக் காரணம் ஆளுக்கொரு அலுவலகம் இருப்பதுதான். வாவிக்கும் ஆற்று வடிநிலத்துக்கும் சேர்த்து ஒரே அதிகார சபை அமைத்து, நல்ல நிபுணர்களை வைத்துத் திட்டம் போட்டால் ஐந்து வருடத்தில் சரியாகிவிடும். பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது நேரத்தை வீணாக்கும் வேலை. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்."

செப்டம்பர் 23

மறுக்கிறேன்.

அலுவலகங்கள் அதிகம் என்பது உண்மைதான். பெரிய குளத்தின் துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். ஆலைக் கழிவு மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம், சின்ன ஆலையென்றால் பிரதேச சபையிடம். நிலத்தடி நீருக்கு நீர்வளச் சபை, மீனுக்குக் கடற்றொழில் திணைக்களம், மாதுறு ஓயாப் பக்கம் போனால் மகாவலி அதிகார சபை. இத்தனைக்கும் மேலே இன்னொன்றை வைத்தால் அதுவும் கடிதம் எழுதி இவர்களைத்தான் கேட்கப் போகிறது.

எனக்கு ஆயித்தியமலைப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில். இளமையில் ஓர் ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் படுவது இது: தண்ணீரைப் பற்றி மக்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஓர் இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டம்தான் அது. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் 1946ஆம் ஆண்டுக்குரியது. அந்தச் சட்டத்தின் பலம் கூட்டத்துத் தீர்மானத்துக்கு உண்டு. எந்தத் திகதி விதைப்பு, எந்தத் திகதி துருசு திறப்பு, எந்தக் கண்டத்துக்கு (வயல் தொகுதிக்கு) எத்தனை ஏக்கர், கடைசித் தண்ணீர் எப்போது, மாடுகளை எப்போது வெளியே கொண்டுபோவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். வட்டை விதானைமார் (வயல்வெளியில் தண்ணீர் பங்கிடுவோர்), கமக்காரர் அமைப்புகள், பொறியியலாளர், பிரதேச செயலாளர், பெரிய குளமென்றால் அரசாங்க அதிபர் என்று எல்லாரும் வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் தண்ணீரின் அளவைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுவோம். தரத்தைப் பற்றி ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. புதிய சபை வேண்டாம், அந்த நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

செப்டம்பர் 24

"வயலுக்கும் வாவிக்கும் என்ன சம்பந்தம்? வாவியைக் கெடுப்பது நகரக் குப்பையும் ஹோட்டல் கழிவும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

நகரக் கழிவு கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். வயலிலிருந்து வருவது இரண்டுக்கும் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எங்கும் அளந்த எண் இல்லை, கணக்கு எப்படிப் போகும் என்று காட்டுவதற்குத்தான். ஒரு வடிச்சல் ஆற்றில் (வயலிலிருந்து வடியும் தண்ணீர் போகும் ஆற்றில்) விநாடிக்கு 5 கனமீற்றர் தண்ணீர் ஓடுகிறது, அதில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது என்று வையுங்கள். 2 மில்லிகிராம் என்றால் ஒன்றுமே இல்லை, குடித்தாலும் தெரியாது. ஆனால் அது விநாடிக்கு 10 கிராம், ஒரு நாளைக்கு 864 கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆக, 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 38 மூட்டை யூரியாவை ஒவ்வொரு நாளும் வாவியில் கொட்டிய மாதிரி.

செறிவை மட்டும் பார்த்து "நியமத்துக்குள் இருக்கிறது" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். வாவிக்கு வேண்டியது செறிவையும் ஓட்டத்தையும் பெருக்கி வரும் சுமை. ஓட்டத்தை ஓர் அலுவலகம் அளக்கிறது, செறிவை இன்னொன்று அளக்கிறது. ஒரே நாளில் ஒரே இடத்தில் இருவரும் அளந்திருந்தால்தான் பெருக்க முடியும்.

செப்டம்பர் 24, இரவு

இன்னொருவர்: "அப்படியென்றால் மட்டக்களப்பு நகரம் குடிப்பது வயற் கழிவையா?" இந்த வதந்தியைத் தயவுசெய்து பரப்ப வேண்டாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குப் போகிறது. குளம் மேலே, நம் வயல்கள் கீழே. எங்கள் வடிச்சல் அந்தக் குளத்துக்குள் ஏறிப் போகாது, வாவிக்குத்தான் போகும். குளத்துக்கு மேலே உள்ள காட்டிலும் சேனையிலும் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி, அதுவும் நல்ல கேள்விதான்.

இதில் ஒரு பழைய மனக்குறையும் இருக்கிறது. குழாய் நகரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது குளத்தடிக் கிராமத்து ஆட்கள் குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்து நின்றார்கள். திட்டம் போட்டவர்களுக்குக் குளம் தெரிந்திருக்கிறது, குளத்தடி தெரியவில்லை.

செப்டம்பர் 29

சாய்ந்தமருதுக் காக்கா (அண்ணன்) ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கமாக: "உங்களுக்கு ஆரம்பக் கூட்டமாவது இருக்கிறது. எங்கள் தோணாவுக்கு (கடலோர வடிகாலுக்கு) எந்தக் கூட்டம்? மேலே வயல், நடுவில் வீடுகள், கடைசியில் கடல். குப்பை கொட்டுபவன் கமக்காரனும் இல்லை, மீனவனும் இல்லை."

நியாயம். கரையோரத்து மணற்பாங்கான ஊர்களுக்கு என் வாதம் அப்படியே பொருந்தாது. அங்கே வீட்டுக் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவில். இரண்டுக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். வளவே 50 அடி இல்லை. மணலில் தண்ணீர் நிற்காது, குழியிலிருந்து இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஏறும். இதற்கு வழி கழிவகற்றல், குழாய் நீர், நகரத் திட்டம். கல்முனைப் பக்கத்துக் குழாய் நீர் கொண்டவட்டுவானில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது, அதற்கு மூலம் இங்கினியாகலையில் தேக்கிய கல்லோயாத் தண்ணீர். ஆகவே நீங்களும் கல்லோயா வடிநிலத்துக்காரர்தான் காக்கா. ஆற்றைக் கண்ணால் காணாமலே அதன் தண்ணீரைக் குடிக்கிறீர்கள்.

ஒக்டோபர் 2

கிணறு என்றதும் சுனாமி ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கரையோரக் கிணறெல்லாம் உவர். உதவி செய்ய வந்தவர்கள் பம்பு வைத்து இறைத்தார்கள், திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் மணலுக்குள் கீழே உவர் நீர், அதன்மேல் மெல்லிய படையாக நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். பிறகு கிழக்குக் கரையில் ஆய்வு செய்தவர்கள் சொன்னதும் அதுதான்: கிணறுகளைத் திருத்தியது பெரும்பாலும் மழை, இறைப்பு அல்ல.

இதை ஏன் சொல்கிறேன்? "பொதுமக்களைக் கேட்பது நேர வீண்" என்ற தொடக்கக் கருத்துக்காக. என் பெரியம்மா அப்போதே சொன்னார், "மாரி வரட்டும், சும்மா விடுங்க" என்று. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை, அதே பெரியம்மா கிணற்றுக்குள் கற்பூரம் போட்டால் புழு சாகும் என்றும் சொல்வார்.

ஒக்டோபர் 11

மாதிரி எடுப்பதைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னார்கள். இதில்தான் எனக்குக் கொஞ்சம் அனுபவம்.

கிருமிப் பரிசோதனைக்குப் போத்தலை ஆய்வுகூடமே கிருமியழித்துத் தரும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. ஓட்டத்துக்கு எதிராக வாயைத் திருப்பி நீருக்குள் அமிழ்த்தி நிரப்ப வேண்டும், மேலே மிதப்பதை அள்ளக் கூடாது. உடனே ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள். நேரம் போகப் போகக் கிருமியின் எண்ணிக்கை மாறும்; அன்றைக்கே சேர்ப்பதுதான் முறை. ஒட்சிசன் அளப்பது இன்னும் பிரச்சினை, அதை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும் அல்லது அந்த இடத்திலேயே இரசாயனம் விட்டு நிலைப்படுத்த வேண்டும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது வாகனம். அலுவலக வாகனம் காலை ஒன்பதரைக்குக் கிளம்பும், பத்தரைக்கு வாவிக் கரையில் நிற்போம். வெயில் ஏறிவிட்டது, பாசி ஒட்சிசனை விட்டுக்கொண்டிருக்கிறது, மீற்றர் நல்ல எண் காட்டும். மீனுக்கு மூச்சு முட்டுவது விடியற்காலையில். இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேற்றுக் கிருமியும் ஒட்சிசனை எடுத்து முடித்திருக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் கரையில் நிற்பவன் வலைக்காரன். அவனிடம் மீற்றர் இல்லை. மீற்றர் இருக்கிறவனுக்கு விடியற்காலை மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை.

நாளும் அப்படித்தான். களைநாசினி அடிக்குமுன் வயலில் நிற்கும் தண்ணீரை வடிப்போம், புல் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. அடித்து இரண்டு மூன்று நாளில் மறுபடி தண்ணீர் கட்டுவோம். பிறகு பசளை. இந்தச் சில நாட்களில் வக்கடையால் (வரம்பில் தண்ணீர் விடும் வாயால்) போவதுதான் மோசமான தண்ணீர். மாதத்துக்கொருமுறை வரும் வாகனம் அந்த நாட்களில் வந்தால் அதிர்ஷ்டம். துருசு திறக்கும் திகதி முன்கூட்டியே கூட்டத்தில் முடிவாகிறது. வாகனத்தின் திகதியை அதோடு பொருத்தினால் போதும். செலவு ஒரு சதமும் ஏறாது.

ஒக்டோபர் 12

"ஒரு சதமும் ஏறாது" என்றதற்கு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். எல்லாக் கண்டமும் ஒரே வாரத்தில் மருந்தடித்தால் போத்தல்களும் ஒரே வாரத்தில் வந்து குவியுமாம், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) பரிசோதனைக்கு ஐந்து நாள் அடைகாக்கும் பெட்டியில் இடம் வேண்டுமாம். களைநாசினி எச்சத்தை அளக்கும் கருவி வேறு, அதன் செலவும் வேறு. ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான். அப்படியென்றால் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டுவது), ஒட்சிசன், நைத்திரேற்று (நைதரசனின் ஒரு வடிவம்) இவற்றை மட்டும் களத்தில் அளப்போம், எண் துள்ளினால் போத்தல் அனுப்புவோம் என்றேன். "அப்படி வாங்க வழிக்கு" என்கிறார்.

ஒக்டோபர் 19

இன்று ஒரு பெரிய ஆட்சேபம், வெளியாரிடமிருந்து இல்லை, எனக்கு நானே.

ஆரம்பக் கூட்டத்தில் வாக்கு யாருக்கு? காணிக்காரருக்கும் செய்கைக்காரருக்கும். வாவி மீனவருக்கு அங்கே கதிரை கிடையாது. காத்தான்குடியில், கல்லடியில், குருக்கள்மடத்தில் இருப்பவருக்கும் கிடையாது. அழுக்குத் தண்ணீரை வடிக்கிறவர்களே உட்கார்ந்து எவ்வளவு வடிக்கலாம் என்று கைதூக்கினால் முடிவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நானும் கைதூக்குவேன். போகம் தப்ப வேண்டும் என்ற அவசரத்தில் யாருக்கு வாவி ஞாபகம் வரும்?

ஆகவே செப்டம்பர் 23 குறிப்பைக் கொஞ்சம் திருகி வைக்கிறேன். எவ்வளவு தரம் வேண்டும் என்பது கூட்டத்தில் வாக்குக்கு விடும் விஷயம் ஆகக் கூடாது. அது கீழிருந்து வர வேண்டும், வாவியிலிருந்து. அந்தத் தரத்தை எட்ட எந்த நாளில் என்ன செய்வது என்பதை மட்டும் கூட்டம் முடிவு செய்யட்டும். அது கமக்காரனுக்குத்தான் தெரியும்.

கீழிருந்து வரும் தரத்துக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2019 நவம்பரில் சூழல் நீரின் தரத்துக்கு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. தண்ணீரை என்னத்துக்குப் பாவிக்கிறோம் என்பதை வைத்து ஆறு வகை: எளிய சுத்திகரிப்போடு குடிக்க, குளிக்க, நீர்வாழ் உயிர்களுக்கு, முறையான சுத்திகரிப்போடு குடிக்க, விவசாயத்துக்கு, மிச்சம். எந்த ஆற்றின் எந்தத் துண்டு எந்த வகை என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் மக்கள் பேச வேண்டும். வாவியின் வலையிறவுப் பாலத்தடி "மீனுக்கு" என்று எழுதப்படுமா, "மிச்சம்" என்று எழுதப்படுமா?

ஒக்டோபர் 20

செங்கலடிக்காரர் சந்தோஷமாக: "பார்த்தீர்களா, கடைசியில் நீங்களும் மேலே ஒரு சபை வேண்டும் என்கிறீர்கள்." இல்லை ஐயா. மேலே இல்லை, கீழே.

நவம்பர் 3

மழை தொடங்கிவிட்டது, வேலை குறைவு, நீளமாக எழுதுகிறேன்.

நெல்லும் ஆறும் குடிநீரும் ஒன்றோடொன்று மோதிய கதை ஒன்று கலிபோர்னியாவில் நடந்தது. சக்ரமென்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, அங்கேயும் நெல் வயல்கள். 1980களின் தொடக்கத்தில் வடிச்சல் வாய்க்கால்களில் கெண்டை மீன் செத்து மிதந்தது. காரணம் மொலினேட் என்ற களைநாசினி. தயோபென்கார்ப் என்ற இன்னொன்றால் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நகரத்தில் தண்ணீர் கசந்தது. அவர்கள் மருந்தை உடனே தடை செய்யவில்லை. மருந்தடித்த பிறகு வயல் தண்ணீரை இத்தனை நாள் வெளியே விடக் கூடாது என்று விதி வைத்தார்கள். முதலில் சில நாள், பிறகு படிப்படியாக ஏறத்தாழ நான்கு வாரம். வெயிலிலும் மண்ணிலும் மருந்து சிதைய அவகாசம் கிடைத்தது. ஆற்றுக்குப் போன சுமை பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாகக் குறைந்தது. வக்கடையைக் கட்டியதுதான் வைத்தியம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போதுமே!

அப்புறம் வயலைப் பார்த்தேன். மழை கொட்டுகிறது. வரம்புக்கு மேலால் தண்ணீர் போகிறது. கலிபோர்னியாவில் நெல் விளைவது மழையில்லாத கோடையில், இங்கே பெரும்போகம் வடகீழ்ப் பருவமழைக்குள். நவம்பரில் வக்கடையைக் கட்டி வைத்தால் வரம்பு உடையும். முன்மாரிக்காரருக்கு (மழையை மட்டும் நம்பி விதைப்பவர்களுக்கு) துருசே கிடையாது, அவர்களிடம் எந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்வது? ஆகவே இந்த வைத்தியம் சிறுபோகத்துக்கு மட்டும். சிறுபோகத்தில் தண்ணீர் பஞ்சம், வடிக்காமல் வைத்திருப்பது கமக்காரனுக்கும் இலாபம், வாவியிலும் அப்போது தண்ணீர் குறைவு, அழுக்கு ஐதாகாமல் நிற்கும் காலம். பாதி வருடத்துக்காவது ஒரு வழி இருக்கிறது.

நவம்பர் 5

"2021இல் இரசாயனப் பசளையையே நிறுத்தினார்களே, அப்போது வாவி சுத்தமானதா?" நல்ல குத்தல். மே மாதம் தடை, நவம்பரில் வாபஸ். வட்டை முழுக்கப் பயிர் மஞ்சளித்து நின்றதை எல்லாரும் பார்த்தோம். அந்தப் போகத்தில் வடிச்சல் வாய்க்காலில் வாராவாரம் நைத்திரேற்று அளந்து வைத்திருந்தால் பிறகு ஒப்பிட எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! நாங்கள் யூரியா தேடி வரிசையில் நின்றோம். மேலேயிருந்து ஒரே இரவில் வந்த தீர்மானம், ஒரு ஆரம்பக் கூட்டத்திலும் கேட்கப்படாதது. நிபுணர் போதும், மக்கள் வேண்டாம் என்பவர்கள் கவனிக்கவும். அந்த முறை நிபுணரையும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

நவம்பர் 27

மின்சாரம் இப்போதுதான் வந்தது. எல்லாரும் நலமா? கிரான் பக்கம் பாதை வெள்ளத்தில் என்கிறார்கள்.

பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் திறப்பதா வேண்டாமா என்ற பேச்சு இந்த முறையும் வந்துவிட்டது. வயலுக்குள் வெள்ளம் நிற்பவன் "வெட்டு" என்பான். வாவியில் தொழில் செய்பவன் "அவசரப்படாதே, தண்ணீர் ஒரேயடியாக இறங்கினால் குஞ்சு இறாலும் போகும்" என்பான். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

இதைக் கவனித்தீர்களா? கமக்காரனும் வாவி மீனவனும் அதிகாரியும் ஒரே மேசையில் உட்காரும் சந்தர்ப்பம் இது. ஆரம்பக் கூட்டத்தில் இல்லாத கதிரை இங்கே இருக்கிறது! ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாவி, கடலுக்குத் திறப்பது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டும். வாய் திறந்தால் உவர் ஏறும், அடைத்தால் அழுக்குத் தங்கும். ஆனால் மேசையில் பேசப்படுவது நீர்மட்டம் எத்தனை அடி என்பது மட்டும்தான். ஒரு மின்கடத்துதிறன் மீற்றரை அந்த மேசையில் வைத்தால் பேச்சே மாறும்.

டிசம்பர் 8

நேற்று கிட்டங்கிப் பாலத்தால் வந்தேன். ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) இரண்டு பக்கமும். வெட்டி அள்ளிப் போடுவார்கள், மறுபடி வரும். அது நோய் இல்லை, அறிகுறி. பசளைத் தண்ணீர் வரும் வரை வாழை வரும். அள்ளியதைக் கரையிலேயே போட்டு அழுகவிட்டால் உறிஞ்சிய பசளை திரும்ப ஆற்றுக்குள்ளேயே போகும். அள்ளினால் தூரக் கொண்டுபோக வேண்டும்.

டிசம்பர் 15

அம்பாறைக்காரர் ஒருவர் கல்லோயா இடதுகரைக் கதையை ஞாபகப்படுத்தினார். தெரியாத இளையவர்களுக்காக: அமெரிக்க உதவியோடு 1979இல் வாய்க்கால் புனரமைப்பு தொடங்கியது. 1981 முதல் படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியிருக்க விட்டார்கள். கொழும்பிலிருந்த கமநல ஆய்வு நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த முயற்சி. அவர்கள் முதலில் சங்கம் அமைக்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் பெறுபவர்களைக் கூட்டி, அந்த வாய்க்காலின் பிரச்சினையைப் பேச வைத்தார்கள். வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், வால்பகுதியில் தமிழர். நெடுங்காலம் துப்புரவு செய்யாத வாய்க்காலை வெட்டினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். அந்தக் காலத்து நிலைமையை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

அளவில் செய்ததைத் தரத்தில் செய்ய முடியாதா என்பது அவர் கேள்வி. முடியும், ஆனால் ஒரு இடைஞ்சல். தண்ணீர் வராவிட்டால் வாலில் இருப்பவனுக்கு அன்றைக்கே தெரியும், மேலே நடந்து போய்ச் சண்டை பிடிப்பான். தரம் கெட்டால் யார் செய்தது என்று தெரியாது. ஆலைக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தத்தோடு வந்த சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, ஒரு குழாய் இருக்கிறது, பிடிக்கலாம். ஆயிரம் வக்கடைக்கு யார் உரிமம் கொடுப்பது? அதனால்தான் வயல் வாய்க்கால் குழு மட்டத்தில் வைக்கச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து பேருக்குள் யார் எப்போது மருந்தடித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

டிசம்பர் 29

ஜெர்மனியிலிருந்து மச்சான்: "இங்கே ஆறு வருடத்துக்கொருமுறை வடிநிலத் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும், வரைவை வெளியிட்டு ஆறு மாதம் கருத்துக் கேட்க வேண்டும், ஐரோப்பியச் சட்டம் அப்படி." தெரியும் மச்சான். நம்மூரில் ஒரு தனித் திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 30 நாள், அதுவும் பெரிய திட்டமென்றால். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையோடு முடிந்துபோகும் திட்டங்களுக்கு அந்த 30 நாளும் கட்டாயமில்லை. வடிநிலம் முழுவதற்குமான கருத்துக்கேட்புக்குச் சட்டமே இல்லை. 2018இல் பெரிய புல்லுமலையில் போத்தல் தண்ணீர் ஆலை கட்டியபோது ஊர் எப்படிக் கருத்துச் சொன்னது? ஹர்த்தால் போட்டு. கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் பதில் அப்படித்தான் வரும்.

ஆனால் நீ இருக்கும் பக்கத்து ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1986இல் சுவிஸில் இரசாயனக் களஞ்சியம் எரிந்து ரைன் ஆற்றில் மீன் அழிந்ததல்லவா, அடுத்த வருடமே நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. குறிக்கோளை வெறும் எண்களில் மட்டும் எழுதவில்லை. 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்பி வர வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு மீனைச் சொன்னால் கமக்காரனுக்கும் புரியும், அமைச்சருக்கும் புரியும்.

நமக்கு எந்த உயிர்?

டிசம்பர் 30

எதிர்பார்த்தபடி பாதிப் பேர் "பாடும் மீன்". ஐயா, அதை நிலாக்காலத்தில் தோணியில் போய்த் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். பிரதேச செயலகத்தில் எந்த உத்தியோகத்தருக்கு அந்தக் கடமையைக் கொடுப்பது? வருடாந்த முன்னேற்ற அறிக்கையில் "இவ்வாண்டு பாடியது: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் போடலாம்.

என் வாக்கு வாவி இறாலுக்கு. சந்தையில் நிறுக்கலாம், வலைக்காரர் கணக்கு வைத்திருக்கிறார்கள், நன்னீரும் உவரும் சரியான முறையில் கலந்தால்தான் வளரும். காக்கா "நண்டு" என்கிறார். சண்டைக்கு நான் வரவில்லை.

ஜனவரி 22

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன்: எங்கள் பக்கத்து வடிச்சல் வாய்க்கால்களிலும் வாவி முனையிலும் எடுத்த மாதிரிகளின் முடிவுகள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மழையைச் சொல்லி இழுத்தார்கள், ஆனால் தந்தார்கள், தாள்களும் இலவச எல்லைக்குள்தான் இருந்தன. அலுவலகத்தின் பெயரை இங்கே போடச் சொல்லிக் கேட்காதீர்கள், தந்தவர் நல்ல பிள்ளை.

எண்களைவிடத் திகதிகளைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாம் மாத நடுப்பகுதி, வார நாள், முற்பகல். துருசுத் திகதிகளைப் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டேன். மருந்தடிக்கும் கிழமைகளில் ஒரு மாதிரியும் இல்லை. ஓட்டத்தின் அளவு ஒரு பத்தியிலும் இல்லை. ஆகச் சுமை கணக்கிட வழியில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை, சொன்ன வேலையைச் சொன்ன நாளில் செய்திருக்கிறார்கள்.

ஜனவரி 23

"எண்கள் என்ன?" என்று நிறையப் பேர். குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614இல் நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லை. தாளில் இருப்பதெல்லாம் அதற்கு மிகக் கீழே. ஆனால் வாவி குடிநீர் இல்லை. பாசிக்கு 50 தேவையில்லை, அதில் சிறு பங்கே போதும். மனிதனுக்கான அளவுகோலை வைத்து மீனுக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

பெப்ரவரி 26

சிறுபோக ஆரம்பக் கூட்டம் நெருங்குகிறது. கமக்காரர் அமைப்பின் ஊடாகக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன். முதலில் நீளமாக வந்தது, செயலாளர் தம்பி வெட்டினார். இப்போது இவ்வளவுதான் இருக்கிறது: களைநாசினி அடித்த வயலில் மறுபடி கட்டிய தண்ணீரை, மருந்துச் சிட்டையில் சொன்ன நாட்கள் முடியும்வரை, வக்கடை கட்டி வைத்திருக்க வேண்டும், சிட்டையில் நாள் சொல்லாவிட்டால் விவசாயப் போதனாசிரியர் சொல்லும் நாட்கள். கண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக மருந்தடிக்க வைப்பதால் எல்லா வடிச்சலும் ஒரே நாளில் இறங்காது. அந்த நாட்களில் வாய்க்கால் முனையில் ஒரு களப் பரிசோதனை, அன்றைய நீரோட்ட அளவோடு சேர்த்து.

"மழை பெய்தால்?" என்று முதல் ஆளாகக் கேட்டது என் சொந்த மைத்துனர். மழை பெய்தால் வக்கடையைத் திற மச்சான், அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

மார்ச் 4

கடிதத்தை ஏற்றிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் "ஏனைய விடயங்கள்" என்பதன் கீழ், கடைசியில். கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஏனைய விடயங்கள் வரும் நேரத்தில் சோற்றுப் பார்சலும் வந்துவிடும். வாய்க்கால் துப்புரவு பற்றிய விடயத்துக்கு அடுத்ததாகப் போடச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வலையிறவுப் பக்கத்து மீனவர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பார்வையாளராக வர ஒத்துக்கொண்டார்கள். வாக்கு இல்லை, பேசலாம். அன்றைய தொழிலை விட்டு வர வேண்டும், முச்சக்கரவண்டிச் செலவும் இருக்கிறது. அதை யார் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. செங்கலடிக்காரர் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.